வாணலியில் ஒரு வேதியியல் பாடம்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், வேதியியல்)

முன்னுரை

சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டார் ஒருசேர வெளியே ஓடி வந்தனர். “இன்னா நாத்தம் இது? மறுபடியும் கேஸ் உட்டுட்டானுங்களா?” என்று பக்கத்து வீட்டு ஆயா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். அன்றைய புகைக்குக் காரணம் எந்தத் தொழிற்சாலையும் அன்று. வாணலியில் அரைக் கிலோ காப்பிக் கொட்டையைக் கருக்கிக்கொண்டிருந்த நான்தான்.

எண்ணூர் நெடுஞ்சாலையோரம் குடியிருப்போருக்கு அந்த ஆயாவின் அச்சம் புதிதன்று. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில், பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. நெடியில் முதலில் விழித்தவர் எங்கள் அம்மா. எங்களை எழுப்பி, துண்டுகளை நீரில் நனைத்து முகத்தில் கட்டி, தெற்கே அழைத்துச் சென்றார். அம்மோனியா நீரில் மிக எளிதாகக் கரையும் வாயு என்பதை அதன்பின் கல்லூரியில்தான் படித்தேன். பள்ளிக்கூடமே போகாத அம்மாவுக்கு ஈரத்துணி எப்படித் தோன்றிற்று என்று அவரைக் கேட்டேன். “கண்ணு எரிஞ்சா தண்ணிதானே தேடுவோம்” என்றார்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா சரக்குப் பெட்டக முனையத்தில் சுமை வேலை செய்கிறார். அம்மா அதிகாலையில் சாலையோரம் இட்லிக் கடை போடுகிறார். துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரி ஓட்டுநர்களே பெரும்பாலும் அவருடைய வாடிக்கைக்காரர்கள். தேநீரும், சூடான பாலில் கலக்கும் உடனடிக் காப்பியும்தான் அங்குக் கிடைக்கும். “நல்ல டிக்காஷன் காப்பி கிடைக்குமா அக்கா?” என்று ஓட்டுநர்கள் பலமுறை கேட்டதால், கொட்டையை வாங்கி நாமே வறுத்தால் என்ன என்று ஆலோசனை சொன்னேன். மறுநாள் அரிசிக்கும் உளுந்துக்கும் வைத்திருந்த பணத்தில் அம்மா கொட்டை வாங்கித் தந்தார். அதைத்தான் கருக்கினேன். அந்தத் தோல்வியிலிருந்து நான் கற்றவற்றைச் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காப்பி வந்த வழி

காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. அங்கிருந்து ஏமன் நாட்டுக்குப் பரவி, அரேபியர் வழியே உலகறிந்த பானமாயிற்று. 17ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் சூஃபித் துறவி ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அம்மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தமிழ்நாட்டில் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பி பயிரிடச் செய்தார். இன்று ஏற்காடு, கீழ்ப் பழனி மலை, நீலகிரி, வால்பாறை முதலிய இடங்களில் காப்பி விளைகிறது. எனினும் இந்தியக் காப்பியில் பெரும்பகுதி கர்நாடகத்தின் விளைச்சலே.

இப்பானத்துக்கு ஒரு சமூக வரலாறும் உண்டு. காப்பி நடுத்தர வகுப்பாரின் அடையாளமாகவும், தேநீர் உழைப்பாளர்களின் பானமாகவும் ஆன கதையை வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் ஆராய்ந்துள்ளார். காப்பிக் கடைகளில் சாதிக்கொரு இடம் ஒதுக்கப்பட்ட காலமும் இருந்தது. கடைப் பெயர்ப்பலகைகளில் இருந்த சாதிப் பெயரை நீக்கக் கோரி, 1957இல் பெரியார் தலைமையில் திருவல்லிக்கேணி உணவு விடுதி ஒன்றின் முன் கிளர்ச்சி நடந்தது. ஆகவே ஒரு லாரி ஓட்டுநர் எண்ணூர் சாலையில் நின்று நல்ல டிக்காஷன் காப்பி கேட்பதைச் சிறு செய்தி என்று தள்ளிவிடுவதற்கில்லை.

கொட்டையின் இயல்பு

காப்பிப் பழம் ஒன்றில் பொதுவாக இரண்டு விதைகள் இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டி வளர்வதால் அவற்றின் ஒரு பக்கம் தட்டையாகிறது. சில பழங்களில் ஒரே விதை உருண்டையாக வளரும். நம் ஊர்க் கடைகளில் பெயர்பெற்ற ‘பீபெரி’ இதுவே. உருண்டையாய் இருப்பதால் சட்டியில் நன்கு உருண்டு எப்பக்கமும் ஒரே சீராக வறுபடும்.

வகைகளில் முதன்மையானவை அராபிகா, ரொபஸ்டா என இரண்டு. அராபிகாவில் மணம் மிகுதி. ரொபஸ்டாவில் கசப்பும் காஃபீனும் மிகுதி. அராபிகாவைப்போல் ஏறத்தாழ இருமடங்கு காஃபீன் அதில் உண்டு. பச்சைக் கொட்டைக்குக் காப்பி மணம் கிடையாது. காய்ந்த புல்லின் வாசனைதான் இருக்கும். அப்படியானால் அந்த நறுமணம் எங்கிருந்து வருகிறது? அது கொட்டையில் முன்பே இருந்து வெளிப்படுவதன்று. வெப்பத்தால் புதிதாக உண்டாக்கப்படுவது.

வறுத்தலின் வேதியியல்

பச்சைக் கொட்டையில் நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பங்கு நீர் உள்ளது. வறுக்கும்போது முதலில் இந்நீர் ஆவியாகும். இதுவரை கொட்டை வெப்பத்தை உட்கொள்ளுமே தவிர பெரிய மாற்றம் எதுவும் காட்டாது. பச்சை நிறம் மங்கி மஞ்சளாகும். வைக்கோல் வாசனை வரும்.

வெப்பநிலை 150 டிகிரி சென்டிகிரேடை நெருங்கியபின் உண்மையான வேதிவினைகள் விறுவிறுப்படைகின்றன. சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் இணைந்து பழுப்பு நிறப் பொருள்களையும் மணப் பொருள்களையும் தருகின்றன. 1912இல் இவ்வினையை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மெய்யார் பெயரால் இது வழங்கப்படுகிறது. தோசையின் ஓரம் சிவப்பதும், வறுத்த மீனின் மேல்தோல் பொன்னிறமாவதும் இதே வினையால்தான். கூடவே சர்க்கரை தனியே கருகிக் காரமல் ஆகிறது. குளோரோஜெனிக் அமிலங்கள் சிதைகின்றன. டிரைகோனெலின் என்னும் பொருளின் ஒரு பகுதி நிகோடினிக் அமிலமாக, அதாவது நயாசின் வைட்டமினாக மாறுகிறது.

ஏறத்தாழ 196 டிகிரியில், உள்ளே திரண்ட நீராவியும் கரியமில வாயுவும் கொட்டையின் சுவரைப் பிளக்கின்றன. காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல் ‘பட் பட்’ என்று ஒலி கேட்கும். இது முதல் வெடிப்பு. கொட்டை பருத்து, நடுக்கோடு விரியும். இதற்குமேல் குடிக்கத்தக்க காப்பி கிடைக்கும். மேலும் வறுத்தால் ஏறத்தாழ 224 டிகிரியில் இரண்டாம் வெடிப்பு தொடங்கும். இதன் ஒலி சன்னமானது. தாளிப்பில் கடுகு பொரிவதுபோல் இருக்கும். எண்ணெய் மேலே கசிந்து கொட்டை பளபளக்கும். இதையும் தாண்டினால் கரிதான் மிஞ்சும்.

வறுத்த காப்பியில் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட ஆவியாகும் பொருள்கள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் காப்பிக்கே உரிய மணத்தைத் தருவதில் முதன்மையானது பர்பூரைல் தயால் என்ற கந்தகச் சேர்மம். நம் சமையல் எரிவாயு கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காக அதில் எத்தில் மெர்காப்டனைக் கலக்கிறார்கள் அல்லவா? அதுவும் தயால் குடும்பத்தைச் சேர்ந்ததே. இக்குடும்பப் பொருள்களை மிக மிகச் சிறிய அளவிலும் மனித மூக்கு கண்டுகொள்ளும். ஆபத்தை அறிவிக்கும் நெடியும் காலையில் நம்மை எழுப்பும் நறுமணமும் ஒரே குடும்பத்தவை என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பு அடங்கவில்லை.

காஃபீன் என்னாகிறது என்ற ஐயம் எழலாம். 1819இல் ஜெர்மானிய வேதியியலார் ரூங்கே பிரித்தெடுத்த இப்பொருள், சுமார் 178 டிகிரியில் பதங்கமாகும் இயல்புடையது. ஆனால் கொட்டையின் இறுகிய திசுவுக்குள் அடைபட்டிருப்பதால் சிறு பகுதியே வெளியேறுகிறது. எனவே கறுக்க வறுத்த காப்பியில் காஃபீன் மிகுதி என்று கருதுவது தவறு. அங்கு மிகுவது கசப்பே.

வீட்டில் வறுக்கும் முறை

முதல் முறை நான் செய்த பிழைகள் மூன்று. அரைக் கிலோவையும் ஒரே நேரத்தில் கொட்டினேன். அடுப்பை முழுமையாக எரியவிட்டேன். அயலாருடன் பேசிக்கொண்டே கிளறினேன். அடியிலிருந்தவை கருகின, மேலிருந்தவை மஞ்சளாகவே நின்றன. கருகிய கொட்டையை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெளிறியிருந்தது. வெப்பம் மேற்பரப்பிலிருந்து உள்ளே கடந்து செல்ல நேரம் வேண்டும். அந்த நேரத்தை நான் தரவில்லை. பின்னர் கற்ற முறை வருமாறு:

1. கனமான இரும்பு வாணலியை மிதமான தீயில் காயவிடுக. ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் இடவேண்டாம்.

2. கொட்டையை இட்டது முதல் இறக்கும் வரை மரக்கரண்டியால் இடைவிடாமல் கிளறுக. மொத்தம் 12 முதல் 15 நிமிடம் ஆகும்.

3. மஞ்சள் நிறம், வறுத்த வேர்க்கடலை வாசனை, பழுப்பு நிறம், முதல் வெடிப்பு என்ற வரிசையைக் கவனிக்க. பால் கலந்து குடிக்கும் டிக்காஷனுக்கு, முதல் வெடிப்பு ஓய்ந்து இரண்டாம் வெடிப்பின் ஓரிரு ஒலிகள் கேட்கும் சமயம் ஏற்றது.

4. உடனே முறத்தில் கொட்டிப் பரப்பி விசிறுக. வாணலியிலேயே விட்டால் அடுப்பை அணைத்தபின்னும் கொட்டையின் சூடே அதை மேலும் வறுத்துவிடும். முறத்தில் புடைத்தால் மெல்லிய செதிள்கள் பறந்துபோகும்.

5. ஆறியபின் ஒரு நாளாவது வைத்திருந்து அரைக்க. வறுத்த கொட்டை கரியமில வாயுவை நாள்கணக்கில் வெளியிடும். அதைப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டிவைத்தால் மறுநாள் பை உப்பியிருப்பதைக் காணலாம்.

எச்சரிக்கை ஒன்று. புகை கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். செதிள் எளிதில் தீப்பற்றும். சன்னல் இல்லாத அறையில் வறுக்கலாகாது. நான் இப்போது மொட்டைமாடியில்தான் வறுக்கிறேன், அதுவும் பக்கத்து வீடுகளுக்கு முன்னதாகச் சொல்லிவிட்டு! இன்னொன்று: நம் ஆய்வகப் பாதரச வெப்பமானியை உணவில் பயன்படுத்தவே கூடாது. உடைந்தால் விளைவு விபரீதமாகும்.

இரண்டாம் முயற்சியில் 200 கிராம் கொட்டையை வறுத்து மளிகைக் கடைத் தராசில் நிறுத்தேன். 168 கிராம் இருந்தது. இழப்பு 32 கிராம், அதாவது நூற்றுக்குப் பதினாறு. கொட்டையின் ஈரம் நூற்றுக்குப் பதினொன்று எனக் கொண்டால் இதில் 22 கிராம் நீர். மீதி 10 கிராம் வாயுவாகவும் புகையாகவும் செதிளாகவும் போனவை.

வடித்தல்

பொடியிலிருந்து சாரம் நீரில் இறங்குவது பரப்பைப் பொறுத்தது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள ஆயிரம் கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 60 சதுர சென்டிமீட்டராகும். எனவேதான் அரைக்கிறோம். ஆனால் மாவுபோல் அரைத்தால் ஃபில்டரின் துளைகள் அடைபட்டு நீர் இறங்காது. வறுத்த கொட்டையில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பங்கு நீரில் கரையக்கூடியது. எல்லாவற்றையும் இறக்கினால் வேண்டாத கசப்பும் சேரும். பதினெட்டு முதல் இருபத்திரண்டு பங்கு வரை இறங்கினால் சுவை நன்றாயிருக்கும் என்பது வல்லுநர் கருத்து.

நம் ஃபில்டரில் நீரை இழுப்பது புவியீர்ப்பு மட்டுமே. பொடியின் மேல் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அதன் அழுத்தம் ஒரு வளிமண்டலத்தில் இருநூறில் ஒரு பங்கு. ஆகவே சொட்டுச் சொட்டாக இறங்கக் கால் மணி நேரத்துக்கு மேலாகிறது.

சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். அதில் காஃபீன் கிடையாது. நிறமும் திடமும் தரும். இன்றைய விதிப்படி காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையக்கூடாது. கலப்பு விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிடவும் வேண்டும். நாமே சோதிக்கலாம். கண்ணாடி டம்ளர் நீரின்மேல் பொடியைத் தூவினால் காப்பித் தூள் மிதக்கும்; சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே அடியில் இறங்கும்.

எஸ்பிரஸ்ஸோ எனும் இத்தாலிய முறை

அழுத்தத்தைக் கூட்டினால் நேரத்தைக் குறைக்கலாம் என்ற எண்ணமே எஸ்பிரஸ்ஸோ. 1884இல் டூரின் நகரத்து மொரியாண்டோ நீராவி இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1901இல் மிலான் நகரத்து பெட்சேரா அதை மேம்படுத்தினார். ஆயினும் நீராவி அழுத்தம் குறைவு, சூடோ அதிகம். காப்பி கருகிய சுவை பெற்றது. இரண்டாம் உலகப்போருக்குப்பின் கஜியா என்பார் நெம்புகோலும் சுருள்வில்லும் கொண்டு வெந்நீரையே அழுத்தும் இயந்திரத்தை வெற்றிகரமாக்கினார். அன்றுதான் மேலே பொன்னிற நுரையுடன் கூடிய இன்றைய எஸ்பிரஸ்ஸோ பிறந்தது. அந்த நுரை, அழுத்தத்தில் கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறுவதால் உண்டாவது. பழைய கொட்டையில் நுரை வராமைக்குக் காரணமும் இதுவே.

இம்முறையில் 90 முதல் 96 டிகிரி வரை சூடான நீர், ஒன்பது வளிமண்டல அழுத்தத்தில் நேர்த்தியான பொடியினூடே 25 முதல் 30 விநாடியில் பாய்கிறது. ஒன்பது வளிமண்டலம் என்பது ஏறத்தாழ 90 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். அண்ணாசாலை எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரம் 177 அடி. அதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேலான உயரத்துக்குக் குழாய் நட்டு நீர் நிரப்பினால்தான் அந்த அழுத்தம் கிடைக்கும்!

நம் திருமண வீடுகளில் ‘எக்ஸ்பிரஸோ’ என்று வழங்கியது இதுவன்று. அது நீராவியைப் பாலில் பாய்ச்சி நுரைக்க வைத்து, மேலே சாக்கலேட் தூள் தூவிய காப்பி. அங்கு வேலை செய்வது அழுத்தமன்று, உள்ளுறை வெப்பம். ஒரு கிராம் நீராவி நீராகும்போது 540 கலோரி வெப்பத்தைத் தருவதால் பால் நொடியில் கொதிக்கிறது.

வீட்டில் இதற்கு நெருங்கிய கருவி, 1933இல் இத்தாலியில் பியலெட்டி தந்த மோக்கா பாத்திரம். கீழறையில் நீர், நடுவில் பொடி, மேலறையில் டிக்காஷன். நீரைக் காப்பு வால்வுக்குக் கீழே நிறுத்துவதும், பொடியை அமுக்காமல் இடுவதும், சிறுதீயில் வைப்பதும் அவசியம். அதன் அழுத்தம் ஒன்றிரண்டு வளிமண்டலமே. ஆதலால் அது மெய்யான எஸ்பிரஸ்ஸோ ஆகாது, எனினும் திடமான காப்பி. பிரஷர் குக்கரைக் கொண்டு எஸ்பிரஸ்ஸோ செய்ய எவரும் முனையவேண்டாம். அதன் கூடுதல் அழுத்தம் ஒரு வளிமண்டலந்தான். வெப்பமோ 120 டிகிரி. சுவையும் கெடும், கையும் வெந்துபோகும்.

தேர்வுக் காலத்து நண்பர்களுக்கு

நாம் விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிறது. காஃபீன் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதாவது காப்பி களைப்பைப் போக்குவதில்லை, மறைக்கிறது. உடலில் அதன் அளவு பாதியாகக் குறையச் சராசரி ஐந்து மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குக் குடித்தால் மூன்று மணிக்கும் பாதி மிச்சம் இருக்கும். தேர்வுக்கு முந்தைய இரவில் இதை நினைவில் வைப்போமாக. தூக்கம் சொக்க வண்டி ஓட்டும் ஓட்டுநரிடமும் அம்மா இதையே வேறுவிதமாகச் சொல்கிறார்: “காப்பி குடிச்சிட்டு ஓட்டாதப்பா, குடிச்சிட்டு ஓரமா கொஞ்ச நேரம் படுத்து எழுந்து போ.”

முடிவுரை

இதனால் எங்களுக்கு லாபம் உண்டா என்று சில நண்பர்கள் கேட்டனர். எடை இழப்பும் எரிவாயுச் செலவும் சேர்த்துக் கணக்கிட்டால் பொடியாக வாங்குவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. கருகிய அரைக் கிலோவின் பணம் திரும்பி வர இரண்டு மாதமாயிற்று. அதுவரை ஒரு நாளும் அம்மா அதைச் சொல்லிக் காட்டவில்லை. இன்று கடையில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. வாரம் 200 கிராம் மட்டும் வறுப்பதால் பொடி எப்போதும் புதிது. சாலையின் எதிர்ப்புறம் நிறுத்திவிட்டு நடந்து வரும் ஓட்டுநர்களும் உண்டு.

மூன்றாம் முறை வறுத்தபோது, கைக்கடிகாரத்தையும் குறிப்பேட்டையும் வைத்துக்கொண்டு நான் வெடிப்பொலிக்காகக் காதைத் தீட்டி நின்றேன். கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தார்: “போதும்டி, எறக்கு!” அவர் வாணலியைப் பார்க்கவில்லை. அடுத்த விநாடியே இரண்டாம் வெடிப்பின் முதல் ஒலி கேட்டது. நச்சுக்காற்றை அறியப் பழகிய அதே மூக்குத்தான் அது. அந்தப் பயிற்சி எவருக்கும் தேவைப்படாத ஊராக எங்கள் ஊர் ஆகவேண்டும் என்பதே என் விருப்பம். அதுவரை, ஆய்வகத்தில் கற்பதை அடுப்பங்கரையிலும், அடுப்பங்கரையில் கற்பதை ஆய்வகத்திலும் சரிபார்த்துக்கொள்வது அறிவியல் மாணவர்களாகிய நம் கடமை.